பழைய மண்ணைக் குழியில் கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயல் மண்ணில் கரிமத்தை (கார்பனை) சேர்க்கும் விவசாயிகளுக்கு, காற்றிலிருந்து குறைத்த கரியமில வாயுவுக்கு விற்கக்கூடிய சான்றான கார்பன் கிரெடிட் மூலம் பணம் கிடைக்கப்போகிறது என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல செய்திதான். மண் பரிசோதனை நிலையத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, அந்த வேலையிலேயே தலை நரைத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தச் செய்தி கேட்காமல் விட்ட ஒன்றை நான் கேட்க விரும்புகிறேன். கரிமம் கூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். எங்கள் கோபி வட்டாரத்தில் ஒரு வாய்க்கால் பாசன வயலில் 30 ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு கரிமம் இருந்தது? பக்கத்து மேட்டாங்காட்டில் எவ்வளவு இருந்தது? இதற்குச் சாட்சி சொல்லக்கூடிய பொருள் நம் கையில்தான் இருந்தது. ஆண்டுதோறும் அதைக் குழியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் சொல்வது மண் மாதிரிகளைப் பற்றி. விவசாயி தன் வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை ஓரத்து மண்ணைச் செதுக்கி எடுக்கிறார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி நீக்கி, கடைசியில் அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டி அனுப்புகிறார். நிலையத்தில் அதை நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியால் கட்டிகளை உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து எண் போடுவார்கள். கார அமில நிலை, உப்பின் அளவு, தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), கரிமம் என எல்லாச் சோதனைக்கும் சேர்த்து நூறு கிராம் கூடச் செலவாவதில்லை. மிச்சம் அப்படியே இருக்கும். மண் வள அட்டை அச்சாகி விவசாயியின் கைக்குப் போன பிறகு, அடுத்த பருவத்துப் பைகளுக்கு இடம் வேண்டுமே என்று அந்த மிச்சம் வளாகத்தின் பின்புறத்துக்குப் போய்விடும்.

ஒரு நிலையத்தைப் புதிய கட்டடத்துக்கு மாற்றியபோது, அலமாரி அலமாரியாக இருந்த பழைய பைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு பள்ளத்தை நிரப்பினார்கள். “ஊருக்கு ஒரு பையையாவது எடுத்து வைக்கலாமே, சார்” என்று கேட்டேன். “ரிசல்ட்தான் பதிவேட்டில் இருக்கிறதே, மண் எதற்கு?” என்றார் அதிகாரி. பணியில் நேர்மையானவர், உழைப்பாளி. அவர் சொன்னது துறை முழுவதும் இருந்த எண்ணம். இன்றும் அதுதான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

பதிவேட்டில் இருப்பது ஓர் எண். அந்த எண் அன்றைய முறைக்குக் கட்டுப்பட்டது. கரிமத்தை அளக்க நம் நிலையங்களில் காலங்காலமாகச் செய்துவருவது 1934 இல் வந்த வாக்லி–பிளாக் முறை. ஒரு கிராம் மண்ணைக் கூம்புக் குடுவையில் போட்டு, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 10 மி.லி. ஊற்றி, அடர் கந்தக அமிலம் 20 மி.லி. சேர்க்க வேண்டும். குடுவை தொட முடியாதபடி சுடும். அரை மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றி, டைபீனைல் அமீன் சில துளிகள் சேர்த்து, ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால், கருநீலமாக இருந்தது சட்டென்று பச்சையாக மாறும். அந்தச் சொட்டில் நிறுத்தத் தெரிந்த கைதான் நல்ல கை.

ஆனால் எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும், இந்த முறையில் வேலை செய்வது அமிலத்தின் சூடு மட்டுமே. மண்ணிலுள்ள கரிமம் முழுவதும் இதில் எரிவதில்லை. ஏறத்தாழ முக்கால் பங்குதான் அகப்படும் என்று கொண்டு, ஒரு பெருக்கெண்ணால் சரிசெய்கிறோம். அந்தப் பங்கு எல்லா மண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. சுட்ட கரியாக மண்ணில் கிடக்கும் கரிமம் பெரும்பாலும் இந்த முறைக்குத் தப்பிவிடும். இன்றைய கருவிகளோ மண்ணை 900 டிகிரிக்கும் மேல் எரித்து, வெளிவரும் வாயு முழுவதையும் அளக்கின்றன. 1985 ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ஒரு வயலுக்கு 0.48 சதவீதம் என்று இருக்கிறது, இன்றைய கருவி 0.61 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளம் கூடியதா, முறை மாறியதா? 1985 இன் மண் ஒரு கைப்பிடி இருந்தால் அதையும் இதே கருவியில் போட்டு ஒரே நாளில் விடை காணலாம். மண் இல்லாவிட்டால் வெறும் எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இந்த வித்தியாசம் சின்னதல்லவா என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழ மண், ஒரு கன மீட்டர் 1.4 டன் என்று கணக்கிட்டால், 2,100 டன் வருகிறது. அதில் 0.1 சதவீதம் என்பது 2.1 டன் கரிமம். அதைக் கரியமில வாயுவாக மாற்றிக் கணக்கிட்டால் 7.7 டன். ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கிரெடிட். அதாவது, ப்யூரெட்டில் ஒரு சிறு பிசகு நேர்ந்தால் ஹெக்டேருக்கு ஏழெட்டுக் கிரெடிட் பொய்யாகக் கூடும், அல்லது உரியவருக்குக் கிடைக்காமல் போகும். மண்ணின் கனத்தை, அதாவது ஒரு கன மீட்டர் எத்தனை டன் என்பதை, நம் நிலையங்கள் வழக்கமாக அளப்பதே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சதவீதத்தை டன்னாக மாற்ற அது இல்லாமல் முடியாது.

இங்கிலாந்தில் ஹார்பெண்டன் என்ற ஊரில் ராத்தம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. ஜான் பென்னட் லாஸ் என்ற நிலக்கிழாரும் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரும் 1843 இல் அங்கே பிராட்பால்க் என்ற வயலில் கோதுமைச் சோதனையைத் தொடங்கினார்கள். லாஸ் அதற்கு முந்தைய ஆண்டுதான் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஒரு பாத்திக்கு எந்த உரமும் இல்லை. ஒன்றுக்கு ஆண்டுதோறும் தொழுவுரம். மற்றவற்றுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வெவ்வேறு சேர்க்கைகளில். அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. அவர்கள் சோதித்த மண்ணையும் அறுத்த தானியத்தையும் வைக்கோலையும் புட்டிகளில் அடைத்து, தக்கை வைத்து, மெழுகிட்டு, முத்திரையிட்டு அடுக்கிவைத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அடுக்கினார்கள். போர்க்காலத்தில் கண்ணாடிப் புட்டி கிடைக்காதபோது, பழைய தகர டப்பாக்களில் போட்டு வைத்தார்கள். இன்று அந்தக் காப்பறையில் சுமார் 3 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன.

லாஸுக்கு டயாக்சின் என்ற நச்சுப் பொருள் என்னவென்று தெரிந்திருக்க வழியில்லை. கில்பர்ட்டுக்குக் கதிரியக்கக் கரிமம் தெரியாது. ஆனால் பிற்காலத்தில் வந்த ஆய்வாளர்கள் அந்தப் புட்டிகளைத் திறந்து, மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் எப்படிப் படிப்படியாக ஏறியது, டயாக்சின் எந்தக் காலத்தில் பெருகியது என்றெல்லாம் கண்டுபிடித்தார்கள். மண்ணை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்விகள் தெரியாது. மண்ணுக்கு விடை தெரிந்திருந்தது.

அதே பண்ணையில் ஹூஸ்ஃபீல்டு என்ற பார்லி வயலில் ஒரு பாத்தி இருக்கிறது. அதற்கு 1852 முதல் 1871 வரை தொழுவுரம் போட்டார்கள். அதன் பிறகு ஒரு கூடை கூடப் போடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், அந்தப் பாத்தியில் கரிமம் பக்கத்தில் எருவே காணாத பாத்தியைவிட அதிகமாகவே இருந்தது. இதை முதன்முதலில் படித்தபோது, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் “அந்தக் காட்டில் என் தாத்தா பட்டி போட்டிருந்தார், அதனால்தான் இன்னும் விளைகிறது” என்று சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆடுகளை இரவில் வயலில் அடைத்துவைப்பதைப் பட்டி போடுதல் என்போம். தஞ்சைப் பக்கம் கிடை மறித்தல் என்பார்கள். அந்தப் பேச்சைக் கிழவர்களின் பெருமிதம் என்று ஒதுக்கிய அலுவலர்களைப் பார்த்திருக்கிறேன். அளந்து பார்த்திருக்க வேண்டிய பேச்சு அது.

அளக்கவும் வழி இருக்கிறது. மாடு, ஆடு போன்ற தாவர உண்ணிகளின் குடலிலுள்ள நுண்ணுயிர்கள், செடிகளில் இருக்கும் ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைச் சற்றே மாற்றி, ஸ்டானால் என்ற வேறு பொருளாக்கிச் சாணத்தில் விடுகின்றன. மனிதக் கழிவிலும் பன்றிக் கழிவிலும் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு பொருள் மிகுதி. இவை நீரில் எளிதில் கரைவதில்லை, மண்ணில் நெடுங்காலம் தங்குகின்றன. ஆகவே, எரு மக்கி உருத்தெரியாமல் போன பிறகும், இந்த நிலத்துக்கு ஒரு காலத்தில் எரு போட்டார்கள், அது இன்ன வகை விலங்கினுடையது என்று மண் காட்டிக்கொடுக்கும். இந்த முறையைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் தேடிப்போன மண்களில் ஹூஸ்ஃபீல்டு மண்ணும் ஒன்று. எந்த ஆண்டு எரு விழுந்தது, எந்த ஆண்டு நின்றது என்று எழுதிவைத்த நிலம் உலகில் அபூர்வம்.

கரிமம் மண்ணில் எவ்வளவு காலம் தங்கும் என்ற கேள்விக்கும் அந்தப் புட்டிகள்தாம் பதில் தந்தன. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால், காற்றில் கார்பன்–14 என்ற கதிரியக்கக் கரிமம் ஏறத்தாழ இருமடங்காகியது. வானில் அணுகுண்டுச் சோதனையைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது இறங்கத் தொடங்கியது. அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த பயிரின் வேரும் தாளும் மண்ணுக்குள் போனபோது குண்டின் அடையாளமும் கூடவே போனது. குண்டுக்கு முந்தைய மண்ணையும் பிந்தைய மண்ணையும் ஒப்பிட்டால், எவ்வளவு புதுக் கரிமம் நுழைந்தது, எவ்வளவு பழையது கிளறப்படாமல் இருக்கிறது என்று கணக்கிடலாம். ராத்தம்ஸ்டெட் ஆய்வாளர் ஜென்கின்சன் இந்தக் கணக்கைப் போட்டார். மேல்மண்ணிலுள்ள கரிமத்தின் சராசரி வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் என்று தெரிந்தது. நேற்று விழுந்த தாள் ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் காற்றாகிவிடுகிறது. ஒரு சிறு பங்கு களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு பல தலைமுறைகளைப் பார்க்கிறது. இன்று உலகமெங்கும் மண் கரிமத்தைக் கணிக்கப் பயன்படுத்தும் கணித மாதிரிகளுள் ஒன்று இந்த வேலையிலிருந்து பிறந்தது. கார்பன் கிரெடிட் விற்க வரும் நிறுவனங்கள் கையில் வைத்திருக்கும் கணக்குக்குக் கீழே போய்ப் பார்த்தால், யாரோ தூக்கியெறியாமல் வைத்திருந்த மண் இருக்கும்.

மணிச்சத்தின் கதை இன்னும் பழையது. ஓலாஃப் அரீனியஸ் என்ற சுவீடன் நாட்டு மண்ணியலாளர் 1920களிலும் 30களிலும் சர்க்கரை பீட் சாகுபடிக்காகத் தென் சுவீடனின் மண்ணைச் சோதித்துவந்தார். சில இடங்களில் பாஸ்பேட் காரணமில்லாமல் எகிறி நின்றது. அவை முற்காலத்தில் ஊர்கள் இருந்து அழிந்த இடங்கள் என்று கண்டார். மனிதர் வாழும் இடத்தில் சாம்பல், எலும்பு, சாணம், கழிவு எல்லாம் சேர்கின்றன. தழைச்சத்து காற்றாகவும் நீரோடும் போய்விடும். மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் பிணைந்து அங்கேயே நின்றுவிடும். கரியமில வாயு கூடினால் பூமி சூடேறும் என்று 1896 இலேயே கணக்கிட்டுச் சொன்ன ஸ்வான்டே அரீனியஸின் மகன்தான் இந்த ஓலாஃப். தந்தை காற்றைக் கணக்கிட்டார், மகன் மண்ணைக் கணக்கிட்டார். இரண்டு கணக்கும் இன்று ஒரே கேள்வியில் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஊர் இருந்து அழிந்த நத்தமேட்டு மண்ணை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு அடிப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். நம்மவர்கள் பாஸ்பேட் என்று பெயர் வைக்காமலே அதை அறிந்திருந்தார்கள். கொடுமணலிலும் கீழடியிலும் மணிகளையும் ஓடுகளையும் எத்தனை கவனமாக எடுக்கிறோமோ, அத்தனை கவனமாக ஒவ்வோர் அடுக்கின் மண்ணையும் நூறு இருநூறு கிராம் எடுத்துவைக்க வேண்டும் என்று தொல்லியல் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது.

அமேசான் காட்டில், பிரேசில் நாட்டில், ஆற்றோர மேடுகளில் கறுப்பு மண் திட்டுகள் இருக்கின்றன. சுற்றிலும் வெளிறிப்போன, சத்தற்ற மண். நடுவே கை நிறைய அள்ளலாம் போன்ற கறுப்பு மண். ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த மக்கள் விட்டுச்சென்ற கரியும் மீன்முள்ளும் எலும்பும் உடைந்த பானையும் சேர்ந்து உருவானது அது. இதில் கரி எவ்வளவு என்று கண்ணால் அளக்க முடியாது. ஜெர்மானிய ஆய்வாளர் புரூனோ கிளாசரும் உடனிருந்தவர்களும் 1990களின் இறுதியில், சூடான நைட்ரிக் அமிலத்தால் கரியைச் சிறு சிறு அமில மூலக்கூறுகளாக உடைத்து, அந்த மூலக்கூறுகளை எண்ணிக் கரியின் அளவைச் சொல்லும் முறையை வகுத்தார்கள். கடும் மழையும் வெப்பமும் உள்ள நாட்டில், கரிமம் நிலைக்காது என்று எல்லாரும் நம்பிய மண்ணில், பல நூற்றாண்டுகளாகக் கரிமம் நிலைத்திருக்கிறது என்று அப்படித்தான் நிறுவப்பட்டது. மண்ணில் இடுவதற்காக பயோசார் என்று இன்று விற்பனைக்கு வரும் கரிப்பொருளுக்கெல்லாம் முன்மாதிரி அந்தக் கறுப்பு மண். நம் நிலையத்துப் பழைய முறையில் சோதித்திருந்தால், இந்தக் கரியில் பெரும்பங்கு கணக்கிலேயே வந்திருக்காது.

அமேசான் வரை போவானேன், நீலகிரியே இருக்கிறது. ஊட்டியைச் சுற்றிய சதுப்புப் பள்ளத்தாக்குகளில் மக்கிய தழை அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் என்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் நால்வர் அந்தப் படிவைத் துளையிட்டு எடுத்து, அதிலுள்ள கரிமத்தின் இரண்டு வகைகளை (ஐசோடோப்புகளை), கார்பன்–12, கார்பன்–13 ஆகியவற்றின் விகிதத்தை, அடுக்கு அடுக்காக அளந்தார்கள். சோலை மரங்களும் நெல்லும் ஒரு வகையில் கரியமில வாயுவை ஏற்கின்றன. வெப்ப நாட்டுப் புற்கள் பலவும் சோளமும் கரும்பும் இன்னொரு வகையில் ஏற்கின்றன. ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டால், முதல் வகையின் அளவு ஆயிரத்துக்கு மைனஸ் 27 அருகில் நிற்கும், இரண்டாம் வகை மைனஸ் 13 அருகில் நிற்கும். செடி மக்கிப்போனாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. 1993 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அந்த மலை வறண்டு புல் ஓங்கியிருந்தது என்றும், பிறகு பருவமழை வலுத்தபோது நிலை மாறியது என்றும் காட்டியது. சாண்டிநல்லாவில் எடுத்த படிவு பின்னர் 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கொண்டுசென்றது. ஆக, நீலகிரிப் புல்வெளி யாரோ காட்டை அழித்ததால் வந்த தரிசு அன்று. அதைத் தரிசு என்று எண்ணிச் சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் நட்டுத் தொலைத்த காலத்தில் இந்த மண்ணை யாரும் கேட்கவில்லை. இன்று காலநிலையின் பெயரால் புல்வெளிகளில் மரம் நடக் கிளம்புகிறவர்களாவது கேட்க வேண்டும்.

இதே முறையை எங்கள் ஊர் வயலிலும் பயன்படுத்தலாம். கரும்பு இரண்டாம் வகை, நெல்லும் மஞ்சளும் முதல் வகை. பல ஆண்டு நெல் விளைந்த வயலைக் கரும்புக்கு மாற்றினால், மண்ணில் சேரும் புதுக் கரிமம் கரும்பின் அடையாளத்தோடு வரும். எவ்வளவு புதிது, எவ்வளவு பழையது என்று பிரித்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: கரும்பு நடுவதற்கு முந்தைய மண் கொஞ்சம் கையில் இருக்க வேண்டும்.

நம் மாநிலத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. கோயம்புத்தூரில், இன்று வேளாண் பல்கலைக்கழகமாக இருக்கும் வளாகத்தில், 1909 இல் நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய சோதனைகளுள் ஒன்று அது. 1970களின் தொடக்கத்தில் அகில இந்தியத் திட்டத்தின் கீழ் கேழ்வரகு–மக்காச்சோளச் சுழற்சியில் இன்னொரு நீண்டகாலச் சோதனையும் அங்கே தொடங்கியது. இரண்டு உலகப் போர்களையும் பஞ்சங்களையும் பசுமைப் புரட்சியையும் பார்த்த வயல் நம்மிடம் இருக்கிறது. அந்த வயல்களின் மண்ணுக்கும் தானியத்துக்கும் ராத்தம்ஸ்டெட் போல ஒரு நிலையான காப்பறையும், எல்லாரும் பார்க்கக்கூடிய பட்டியலும், எந்த ஊர் ஆய்வு மாணவரும் விண்ணப்பித்துச் சில கிராம் பெறும் ஒழுங்கும் வேண்டும். அணுகுண்டுக்கு முந்தைய தமிழ்நாட்டு மண் ஒரு புட்டி கிடைத்தாலும், அதன் மதிப்பை ரூபாயில் சொல்ல முடியாது.

பெரிய கட்டடம், பெரிய செலவு என்று யாரும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஊராட்சிக்கு ஒரு புட்டி, புட்டிக்கு 200 கிராம் என்றால் மொத்தம் இரண்டரை டன். ஒரு சிறிய லாரி அந்தச் சுமையை ஒரே நடையில் கொண்டுவந்துவிடும். ஊராட்சிக்கு ஐந்து புட்டி வைத்தாலும், ஒரு நடுத்தரமான கிடங்கில் அலமாரி போட்டு அடுக்கிவிடலாம். மண்ணைப் புதிதாகப் போய் எடுக்கவும் வேண்டியதில்லை. 2015 இல் மண் வள அட்டைத் திட்டம் வந்ததிலிருந்து, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று கட்டம் பிரித்து, இடக்குறிப்போடு மாதிரி எடுத்தார்கள். எடுத்து, உலர்த்தி, சலித்து, எண் போட்ட மண். பாதி வேலை முடிந்த மண்.

வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். துணிப்பையில் வைத்தால் பூச்சியும் ஈரமும் அழித்துவிடும். நன்றாக உலர்த்திய மண்ணை இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வைக்க வேண்டும். சீட்டு இரண்டு வேண்டும், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. பென்சிலால் எழுத வேண்டும். மை மங்கிவிடும். ஊர், இடக்குறிப்பு, எடுத்த நாள், ஆழம், அப்போதைய பயிர், முந்தைய பயிர், போட்ட எரு, பாசனம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆழம் எழுதாத மண்ணால் பயனில்லை. 15 செ.மீ. எடுத்த வயலில் பத்து ஆண்டு கழித்து 30 செ.மீ. எடுத்தால், கரிமம் குறைந்துவிட்டது போலத் தோன்றும். கரிமம் மேல்மண்ணில்தான் மிகுதி. உலர்ந்த மண்ணில் மொத்தக் கரிமமும் மொத்த மணிச்சத்தும் உலோகங்களும் ஐசோடோப்பு விகிதங்களும் நெடுங்காலம் நிற்கும். நைட்ரேட்டும் அம்மோனியமும் நுண்ணுயிர்ச் செயல்பாடும் நிற்காது. ஆகவே அவற்றை உடனே அளந்து எழுதிவிட வேண்டும்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துக் கேட்கிறேன். ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி தருகிறார்கள். வரவேற்கிறேன். வண்டல் அடித்த காடு விளையும் என்பதை நான் பரிசோதனைத் தட்டிலும் பார்த்திருக்கிறேன், வயலிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் குளத்தடியில் படிந்த ஒவ்வோர் அடுக்கும், மேலே இருக்கும் நீர்ப்பிடிப்பு நிலத்திலிருந்து எந்தக் காலத்தில் எவ்வளவு மேல்மண்ணும் கரிமமும் அரித்து வந்தன என்பதன் கணக்கு. பொக்லைன் இறங்குவதற்கு முன், குளத்தின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நேராக அடித்து இறக்கி, அடுக்குக் கலையாமல் ஒரு தூண் மண்ணை எடுத்து வைத்துவிட்டால் போதும். அரை நாள் வேலை.

வேளாண்மைத் துறை இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். சோதனை முடிந்த மாதிரிகளில் ஊராட்சிக்கு ஒன்றாவது 200 கிராம் புட்டியில் அடைத்து மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்பவும், மற்றவற்றைக் கொட்டும் முன் விவசாயிக்குத் தகவல் தெரிவிக்கவும் அதில் சொன்னால் போதும். கார்பன் கிரெடிட்டுக்காக விவசாயியோடு ஒப்பந்தம் போடும் நிறுவனங்கள், தொடக்க நாள் மண்ணில் ஒரு பகுதியைத் தாங்கள் வைத்துக்கொண்டு, ஒரு பகுதியை விவசாயியிடமும் ஒரு பகுதியை அரசுக் காப்பறையிலும் முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும் என்று விதி செய்யலாம். பத்து ஆண்டு கழித்துத் தகராறு வந்தால், மூன்று புட்டிகளையும் ஒரே கருவியில் சோதித்துத் தீர்த்துக்கொள்ளட்டும். அந்த விதி இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த விவசாயிகளிடம் சொல்லிவருகிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் விவசாயிகளுக்கும் அதையே சொல்கிறேன். சொந்தமாக ஒரு புட்டி எடுத்து இன்றே வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கோடையில் வயல் காலியாக இருக்கும்போதுதான் மாதிரிகள் அதிகம் வரும். சித்திரையில் பைகள் வந்து குவியத் தொடங்கிவிடும். அதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டால், இந்த ஆண்டு மண்ணிலிருந்தே தொடங்கலாம். சலிக்கவும், புட்டியில் அடைக்கவும், சீட்டு எழுதவும் ஆள் போதாது என்று நிலையங்கள் சொல்லுமானால், என்னைப் போல ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறோம். கூப்பிட்டால் ஊதியம் இல்லாமல் வந்து செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பரிசோதனை நிலைய ஆய்வக உதவியாளர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.